பையைக் குடுங்க, வெச்சுக்கறேன்

நான் இளங்கலையில் படித்தது உளவியல். "அதப் படிச்சா என்னாகலாமுங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்று அப்பாவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடத்தில் சமூக உளவியல் என்று ஒரு பாடம் வந்தது. தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி இருக்கிற மனிதர்கள் கூட்டத்தில் ஏன் வேறு மாதிரி ஆகிறார்கள் என்பதுதான் அந்தப் பாடம் மொத்தமும். எனக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. இருபது வயதில், ஊரில் உள்ள எல்லாரையும் விளக்கிவிடலாம் என்று ஒரு திமிர் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு சிங்காநல்லூரில். கல்லூரிக்குப் போக சுங்கத்தில் இறங்க வேண்டும். ஒண்டிப்புதூர்ப் பக்கமிருந்து வருகிற டவுன் பஸ், எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே நிறைந்துதான் வரும். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். நிற்கிறவர்கள் நசுங்கி, நடுவில் வந்து சேர்வோம். அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. நிற்கிற மாணவிகளின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பையைக் குடுங்க, வெச்சுக்கறேன்" என்று ஒரு கை நீளும், நாம் கொடுத்துவிடுவோம். சில பேர் மடியில் நாலு பை, ஐந்து டிபன் பாக்ஸ் அடுக்கியிருக்கும், அதற்கு மேல் தாடையை ஊன்றிக்கொண்டு வருவார்கள். இறங்கும்போது பை தலைக்கு மேல் கைமாறி நம்மிடம் வந்துவிடும். ஒரு பேனாகூடக் காணாமல் போனதில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல குணத்துக்கு இதைத்தான் நான் உதாரணம் சொல்வேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இளைஞர்கள் அன்றாடம் நடந்துகொள்கிற விதத்தை ஏதாவது ஓர் இடத்தில் இருந்து கவனித்து, படித்த கோட்பாடுகளை வைத்து விளக்கி, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் கேன்டீனையும் நூலகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டேன். முதலில் தமிழில் ஒரு நோட்டில் கிறுக்கிக்கொள்வேன், அப்புறம் ஆங்கிலத்தில் அழகாகப் படியெடுப்பேன்.

ஆரம்பத்தில் எல்லாம் குஷியாகத்தான் இருந்தது. படிக்கட்டில் தொங்குகிற பையனைப் பற்றி எழுதினேன். கூட்டாளிகள் நாலு பேர் இருந்தால்தான் தொங்குவான். தனியாக வருகிற அன்றைக்கு அதே பையன் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து, பெரிய மனுசன் மாதிரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவான். எங்கள் கல்லூரிப் பெண்களைப் பற்றி எழுதினேன். ஒருத்தி சிரித்தால் எதற்கென்றே தெரியாமல் ஆறு பேர் சிரிப்பார்கள், ஏழாவது ஆள் நான். மழைச் சாரல் அடிக்கும்போது ஷட்டரை இறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் இறக்குவார் என்று எல்லாருமே நனைந்துகொண்டு வருவார்கள். பொறுப்பு பத்துப் பேருக்குப் பங்காகிவிட்டால் ஒருவர் கைக்கும் ஒன்றும் வருவதில்லை என்று அதற்குக் கீழே எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

ஆண்கள் பகுதி தொடங்குகிற முதல் சீட்டில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். இருபத்தைந்து வயது இருக்கும். தேய்த்த சட்டை, கழுத்து வரை பொத்தான், நெற்றியில் திருநீறு. நகங்களின் ஓரம் மட்டும் பச்சையும் நீலமுமாக ஏறிக் கிடக்கும். இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற பட்டறையில் வேலை என்று பின்னால் தெரிந்தது. முதல் நாள் "பையைக் குடுங்க, வெச்சுக்கறேன்" என்றான். கொடுத்தேன். இறங்கும்போது "ரொம்ப நன்றிங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாளும் அந்தக் கைதான் நீண்டது. அடுத்த வாரம், நான் கூட்டத்தில் தள்ளி நின்றால்கூட அவன் குரல் கொடுத்தான். அதற்கடுத்த வாரம் "லேட்டுங்களா இன்னிக்கு?" என்று கேட்டான். "ஆமாங்க" என்றேன். "சாப்ட்டீங்களா?" "ஆச்சுங்க." சின்ன விஷயத்துக்குச் சம்மதித்தவரைப் பெரிய விஷயத்துக்குச் சம்மதிக்க வைப்பது சுலபம் என்று எங்கள் பாடத்திலேயே ஒரு பகுதி இருந்தது. அதை நான் விற்பனைக்காரர்களைப் பற்றியது என்று நினைத்து மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒரு நாள் என் தமிழ் நோட்டில் இப்படி எழுதினேன்: "முதல் சீட்டு. ஆண். தினமும் அதே இடம். பக்கத்தில் வயதானவர் நின்றாலும் எழுந்து இடம் தருவதில்லை. பழக்கம் காரணமாக இருக்கலாம்." மறுநாள் வகுப்பில் நோட்டைத் திறந்தேன். அதற்குக் கீழே, கூர்மையான பென்சிலில், என் கையெழுத்தைவிட அழகான கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. "பழக்கம் இல்லைங்க. நான் எழுந்துவிட்டால் உங்கள் பையை யார் வைத்துக்கொள்வார்கள்?"

நான் நோட்டை மூடினேன். திரும்பத் திறந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் தேர்வு அட்டவணையைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி. அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறையில், என் பஸ் பாஸ். என் போட்டோ, அப்பா பெயர், வீட்டு எண், தெரு, எல்லாம் அதில் இருந்தது. இத்தனை நாளும் நான்தான் கொண்டுபோய் அவன் மடியில் வைத்திருக்கிறேன்.

ரப்பரால் அழித்தேன். எழுத்து போனது, தடம் போகவில்லை. விரிவுரையாளர் அந்த மாதம் ரெக்கார்டோடு அந்தத் தமிழ் நோட்டையும் வாங்கி, அந்தத் தடத்தைப் படித்துவிட்டு, சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினார்: கவனிப்பவர் கவனிக்கப்படுபவரோடு பழகக் கூடாது, முடிவுகள் பாதிக்கப்படும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நீ ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் சைக்கிள் கேரியரில் எவனோ ஒரு கடிதத்தைச் செருகிவிட்டுப் போனான். எவன் என்று அவளுக்கும் தெரியாது. கடிதம் அவளுடைய அண்ணன் கையில் கிடைத்தது. அடுத்த முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம், படிப்பு அன்றோடு சரி. அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மணி, பேரு கெடாம படிக்கறதுன்னா எவ்வளவு வேணும்னாலும் படி. ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னியோட நிறுத்திப்போடுவேன். அப்புறம் அப்பனக் குத்தஞ் சொல்லக்கூடாது." அப்பா கெட்டவர் இல்லை. சொன்னால் செய்கிறவர், அவ்வளவுதான். எனக்கு ஏப்ரலில் தேர்வு. முதுகலைக்கு விண்ணப்பம் வாங்கி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

பஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். அரை மணி முன்னால் வருகிற பஸ்ஸில் மூன்று நாள் போனேன். நாலாம் நாள் அதிலும் அவன் அதே முதல் சீட்டில் இருந்தான். "ஒடம்பு சரியில்லீங்களோன்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றான். பழைய பஸ்ஸுக்கே திரும்பி, பையைக் கொடுக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்றும் பார்த்தேன். அவன் எழுந்து, என் தோளிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டான். "செமந்துட்டு நிக்காதீங்க, வலிக்கும்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அதே வாரம் புரிந்தது. பெண்கள் பகுதியின் கடைசிச் சீட்டில், அவனுக்கு நேர் முன்னால், ஒரு அக்கா உட்கார்ந்து வருவார். மில்லில் நூல் சுற்றுகிற வேலை. தலையில் கனகாம்பரம், கையில் நீல மூடி போட்ட சாப்பாட்டு டப்பா. அன்றைக்கு அவர் எழுந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரைத் தன் இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "போய் உக்காரு கண்ணு. உங்க மச்சான் எத்தன நாளைக்குத்தான் பையவே மடில வெச்சுட்டு வருவாரு?"

உங்க மச்சான்.

அவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். "எங்க மாமன் பொண்ணுங்க. படிப்பு முடியட்டுமுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அது கூச்சப்படும், கேக்காதீங்க." அவ்வளவுதான். அத்தை மகன் மாமன் மகளின் பையை வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன? கண்டக்டர் நான் ஓடி வருவதைப் பார்த்தால் விசில் கொடுக்காமல் காத்திருந்தது எனக்காக இல்லை. பெண்கள் எனக்கு வழிவிட்டு நடுவில் தள்ளிவிட்டது நெரிசலால் இல்லை. நான் முன்னால் வந்த பஸ்ஸுக்கு மாறியதை அவனுக்குச் சொன்னது யார் என்றும் இப்போது தெரிந்தது. கண்டக்டர்தான், முன்னால் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் விசாரித்து. பிரிந்துபோன ஜோடியைச் சேர்த்துவைக்கிற சந்தோஷத்தில் சொல்லியிருக்கிறார். அந்த பஸ்ஸில் எனக்குக் கெடுதல் நினைத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை பேரும் சேர்ந்து, நல்ல மனதோடு, என்னை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அக்காவின் முகம் அவ்வளவு பிரியமாக இருந்தது. இல்லீங்க என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்ப ஆரு? எதுக்கு தினமும் பையக் குடுக்கற? எனக்கு அவனைப் பார்த்தால் பயம், மறுத்தால் வருகிற பேச்சை நினைத்தால் அதைவிடப் பயம். அதனால் சிரித்துவிட்டு, உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூச்சம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் ஒரு விஷயத்தைச் சரி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அது தப்பு என்று நினைக்கிற ஒரே ஆளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அது உள்ளே எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் இல்லை. சில நாள் காலையில் தலை வாரும்போது, ஒருவேளை நான்தான் ஏதோ செய்திருக்கிறேனோ, அவனிடம் ஏதோ சொல்லி மறந்துவிட்டேனோ என்றுகூட யோசித்திருக்கிறேன். நன்றிங்க, ஆமாங்க, ஆச்சுங்க என்ற மூன்று வார்த்தைக்கு மேல் நான் அவனிடம் பேசியதில்லை.

அவன் பேசினான். குரலை உயர்த்தவே மாட்டான். ஒரு நாள் தன் விரலைக் காட்டினான், சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தது. "எங்க பட்டறைல ஆசிட்டுலதானுங்க வேலையே. கை தவறுனா அவ்வளவுதான். தோல் நிக்காதுங்க." என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தான். அன்று முதல் அவன் காலடியில் இருக்கிற ஒயர் கூடையை நான் பார்க்க ஆரம்பித்தேன். துணி சுற்றிய ஒரு பாட்டில் அதில் எப்போதும் இருக்கும். குடிக்கிற தண்ணீராகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தூங்கப் பழகினேன். அம்மா கொசுவா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

பிப்ரவரி கடைசியில் எனக்குச் செமினார். கூட்டத்துக்கு நடுவில் ஒருவருக்கு ஆபத்து வந்தால் ஏன் யாரும் உதவுவதில்லை என்பது தலைப்பு. அருமையாகப் பேசினேன். என்ன நடக்கிறது என்று புரியாதபோது ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அடுத்தவரும் சும்மா இருப்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்கிறார்கள் என்றேன். குடும்பச் சண்டை என்று நினைத்துவிட்டால் நிச்சயம் தலையிட மாட்டார்கள் என்றேன். ஆபத்தில் இருப்பவர் பொதுவாகக் கத்தக் கூடாது, ஒரே ஒருவரை அடையாளம் சொல்லி அழைத்து, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். அதையெல்லாம் பேசிவிட்டு, மறுநாள் காலையில் அதே பஸ்ஸில் ஏறி, அவன் கையில் பையைக் கொடுத்தவள் நான். படிப்பு வேறு, உயிர்ப்பயம் வேறு.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சுங்கத்துக்கு முந்தின ராமநாதபுரம் நிறுத்தம் நெருங்கும்போது அவன் சொன்னான்: "இங்க பெரியம்மா ஊட்டுக்கு அம்மா வந்திருக்குதுங்க. உங்களப் பாக்கோணுங்குது. எறங்கலாமுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்கூட்டுக்குப் பொண்ணு கேட்டு வாரோம்." அப்புறம் எங்கள் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் மெதுவாகச் சொல்லிவிட்டு, "சரிதானுங்க?" என்றான்.

"எனக்கு காலேசு இருக்குதுங்க. பையைக் குடுங்க" என்று கையை நீட்டினேன். பையின் பட்டையை அவன் தன் கையில் சுற்றியிருந்தான். மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்பு வலித்தது. எழுந்து நின்றான், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பின்படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான். ஒயர் கூடை அவன் முழங்கையில் தொங்கியது.

"உடுங்க. ஆராச்சும் சொல்லுங்க, உடச் சொல்லுங்க" என்றேன். சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்னம்மணி, மச்சான்தான கூப்புடறாரு, போயிட்டு வாங்க. ஒரு நாளு லீவு போட்டா காலேசு ஓடிப்போகாது" என்றார். வழி கூட விட்டார்கள். ஒரு பெரியவர் காலை மடக்கிக்கொண்டார், நாங்கள் தாராளமாகப் போகட்டும் என்று.

பஸ் வேகம் குறைந்துகொண்டிருந்தது. படிக்கட்டு நாலடி தூரம்தான். அந்த நேரத்தில் எனக்குச் செமினார் எல்லாம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். கனகாம்பரம்தான் கண்ணில் பட்டது.

"ஏனுங்க அக்கா! கனகாம்பரம் வெச்ச அக்கா! உங்களத்தானுங்க!" என் குரல் எனக்கே தெரியவில்லை. "இவரு எனக்கு மச்சான் இல்லீங்க. இவரு ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. என்னை உடச் சொல்லுங்க அக்கா. எனக்குப் பயமா இருக்குதுங்க."

சிரிப்பு நின்றது. அந்த அக்கா என்னையே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பிரியம் அப்படியே இருக்க, அதற்கு அடியில் ஏதோ இடிந்து விழுவது தெரிந்தது.

அவன் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "கோவத்துல பேசுதுங்க அக்கா. நேத்து ஊட்டுல ஒரு சின்னப் பேச்சு வந்துபோச்சு. நாங்க பாத்துக்கறோமுங்க." அவ்வளவு இதமாகச் சொன்னான். பஸ்ஸில் இருந்தவர்கள் மறுபடியும் அவன் பக்கம் சாய்வதை நான் கண்ணால் பார்த்தேன். பாதிப் பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். குடும்ப விஷயம். என் வாழ்க்கையில் அதைப்போலப் பயந்த நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அக்கா எழுந்தார். சாப்பாட்டு டப்பாவைச் சீட்டில் வைத்தார். எங்களுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் விடவில்லை.

"சரிங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போட்டு எறங்குங்க. இந்தப் புள்ள உங்க மாமன் பொண்ணுன்னா, இவங்கப்பாவும் உங்கம்மாவும் கூடப் பொறந்தவங்க. அப்ப உங்கம்மா பொறந்த ஊரு எதுங்க?" என்னைப் பார்த்து, "கண்ணு, நீ வாயத் தொறக்காத" என்றார்.

அவன் முதல் முறையாகத் தயங்கினான். என் பாஸில் அப்பா பெயர் இருந்தது, வீட்டு எண் இருந்தது, நான் பிறந்த தேதிகூட இருந்தது. அப்பா எங்கே பிறந்தார் என்பது இல்லை.

"சிங்காநல்லூருதானுங்க" என்றான்.

"கண்ணு, உங்கப்பா பொறந்த ஊரு?"

"பவானிங்க."

எங்கள் ஊரில் தன் அம்மா பிறந்த ஊர் தெரியாத மகன் கிடையாது. கெடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் வருடத்துக்கு நாலு முறை போய் வந்திருப்பான். அது அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கண்டக்டர் நீளமாக விசில் ஊதினார். பஸ் நின்றது. காலை மடக்கி வழிவிட்ட பெரியவர் எழுந்து நின்றார். பின்னால் இருந்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

அவன் என் கையை விட்டான். பட்டையைக் கழற்றி, பையை என்னிடம் நீட்டினான். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஓடவில்லை. நிறுத்தத்தில் நின்று, கூடையைக் கை மாற்றிக்கொண்டு, பஸ் கிளம்பும் வரை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அக்காவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் எது என்று எனக்குத் தெரியாது. சுங்கம் வந்து கல்லூரி வாசல் வரை என்கூடவே நடந்து வந்தார்.

வகுப்பில் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். நோட்டு இருந்தது. பிளாஸ்டிக் உறையும் இருந்தது. உள்ளே பாஸ் இல்லை.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றானே. வந்தால் அப்பாவுக்குத் தெரியும். வராவிட்டால் என் போட்டோவும் முகவரியும் அவனிடம் இருக்கிறது. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நான் சமையலறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா போய்த் திறந்தார். "ஏனுங்க, நாங்க பஸ்ஸுல வர்றவங்க" என்று ஒரு பெண் குரல். அந்த அக்கா. பின்னால் சீருடை இல்லாமல், வெள்ளை வேட்டியில், கண்டக்டர். வெள்ளிக்கிழமை கல்லூரி வாசல் வரை நடந்தபோது, வீட்டில் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்று அவரிடம் அழுதிருந்தேன். அக்கா தெருவை மட்டும் கேட்டிருந்தார், எதற்கு என்று சொல்லவில்லை.

அவர்கள்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள். கடைசியில் அப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார். நான் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. "நீ என்ன செஞ்ச? ஒண்ணுஞ் செய்யாம ஒருத்தன் இத்தன தூரம் வருவானா?" அடுத்தவர் மாட்டிக்கொண்டால் அவர் குணத்தைக் காரணம் சொல்வோம், நாம் மாட்டிக்கொண்டால்தான் சூழ்நிலையைச் சொல்வோம். பாடத்தில் மூன்றாவது அத்தியாயம்.

"அது ஒண்ணுஞ் செய்யலீங்க. நாங்கதானுங்க செஞ்சோம்" என்றார் அக்கா. "பக்கத்துல போயி உக்காருன்னு நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்த, இவரு உனக்கு ஆரு கண்ணுன்னு கேட்டுப்போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கேக்கல. படிப்ப நிறுத்தறதுன்னா எங்க மூஞ்சிய நாங்க எங்க கொண்டுபோயி வெக்கறதுங்க?" கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எந்த பஸ்ஸுல வருதுன்னு அவனுக்குச் சொன்னது நானுங்க" என்றார். அவருக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்பா, "காலைல எத்தன மணிக்குங்க உங்க பஸ்ஸு?" என்று கண்டக்டரிடம் கேட்டார். அவ்வளவுதான். பீரோவில் சேலைக்கு அடியில் இருந்த விண்ணப்பத்தை நான் அந்த வாரமே வெளியே எடுத்தேன்.

அவன் அன்றும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. பட்டறை வேலையையும் விட்டுவிட்டான் என்று கண்டக்டர் விசாரித்துச் சொன்னார். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த பாஸ் என்ன ஆனது என்றும் தெரியாது. இருபது வயது முகம் ஒன்று, வீட்டு எண்ணோடு, யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அல்லது சாக்கடையில் கரைந்திருக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், கதவு தட்டினால் நான் முதலில் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை அப்பா என்னோடு பஸ்ஸில் வந்தார், ஆண்கள் பகுதியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு. அந்த முதல் சீட்டு காலியாக இருந்தது, யாரும் உட்காரவில்லை. நான் பெண்கள் பகுதியில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பழக்கதோஷத்தில் அவர் கையை நீட்டினார். "பையைக் குடு கண்ணு, வெச்சுக்கறேன்."

கொடுக்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. பட்டையைப் பிடித்த விரல்கள் அப்படியே இறுகிவிட்டன. என்னைக் காப்பாற்றிய மனுசிக்குப் பையைக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. அப்புறம் மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, நான் தடுமாறினேன். அவர் கை சட்டென்று எழுந்தது, ஆனால் என்மேல் படவில்லை. பாதி வழியில் நின்றது.

"கையப் புடிச்சுக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

அத்தனை மாதத்தில் அந்த பஸ்ஸில் என்னைக் கேட்டுவிட்டு ஒருவர் ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

"புடிச்சுக்குங்க அக்கா" என்றேன்.